இரவல் போன ஆணை

எந்த நூற்றாண்டு என்று கேட்டால் பண்டிதர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டைக்குப் போய்விடுவார்கள்; ஆகவே வெகு காலத்துக்கு முன்பு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கொன்றைநாட்டைச் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மனத்தில் எது தோன்றினாலும் உடனே கல்லில் வெட்டிவிடுவான். அப்படி வெட்டிய ஒன்றைக் குறைசொன்ன தோட்டக்காரர், இப்போது நாட்டின் எல்லையில் கள்ளிச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ராஜாவுக்குக் கோழிகள் என்றால் உயிர். அரண்மனைப் புறக்கடையில் முப்பது கோழிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவள் மாடத்தி. கூட்டை ஒட்டிய குடிசைதான் அவளுக்கு வீடு. ஒருநாள் ஒரு கோழி காலித் தட்டைக் கொத்துவதைப் பார்த்து ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கூட்டு வாசலில் கல் நட்டாயிற்று: ‘இங்கே இரவும் பகலும் தட்டு காலியாகக் கூடாது. வைத்ததை எவரும் எடுக்கவும் கூடாது.’

கல் நட்ட பத்தாம் நாள் சுண்டெலிகள் வந்தன. ஒரு மாதத்தில் கோழிகளைவிட எலிகள் அதிகம். தூங்கும் கோழிகளின் இறகைக் கடித்தன. கோழிகள் மிரண்டு, முட்டையிடுவதையே ஏறக்குறைய மறந்துவிட்டன.

அரண்மனைப் பண்டங்களுக்கு அதிகாரியான சிங்கராயருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. ராஜா தினமும் காலையில் மாடத்தியிடம் கோழிகளைப் பற்றி ஒரு நாழிகை பேசிவிட்டுத்தான் சபைக்கு வருவான். அதுவரை சிங்கராயர் கைகட்டி நிற்க வேண்டும். நின்று நின்று அவருக்குக் காலோடு மனமும் வீங்கியிருந்தது.

“எல்லாம் அந்தப் பெண்ணின் சோம்பல், பிரபு. கூட்டை என் மைத்துனனிடம் ஒப்படையுங்கள்.”

“முதலில் நீர் எலியை ஒழித்துக் காட்டும்” என்றான் ராஜா.

சிங்கராயர் ஆறு பூனைகளைக் கொண்டுவந்தார். அவை எலிகளை முகர்ந்து பார்த்துவிட்டுக் குஞ்சுகளைத் தின்றன. அடுத்து, எலி பிடிப்பதில் பேர்போன ஒரு சாரைப்பாம்பை விட்டார். அது இருந்த நான்கு முட்டைகளையும் விழுங்கிவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. பூனைகளையும் பாம்பையும் கடைசியில் மாடத்திதான் விரட்ட வேண்டியிருந்தது.

“ராசியில்லாதவள் பார்த்துக்கொண்டால் பாம்பு என்ன செய்யும், பிரபு?”

ராஜா மாடத்தியை அழைத்தான். “அமாவாசைக்குப் பிறகு கூட்டில் ஓர் எலி இருந்தாலும் நீ குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.”

எலி ஏன் வருகிறது என்று மாடத்திக்குத் தெரியும். சொன்னால் கள்ளிச்செடி, சொல்லாவிட்டால் குடிசை போகும். ஒரு நாள் முழுவதும் யோசித்தாள். மறுநாள் சபைக்கு வந்தாள்.

“மகாராஜா, எனக்கு ஒரு பொருள் இரவல் வேணும்.”

“என்ன, பொறியா?”

“கூட்டு வாசலில் இருக்கிற ஆணை. அஞ்சு நாள் போதும்.”

சிங்கராயர் சிரித்தார். “ஆணை என்ன அம்மியா, இரவல் கொடுக்க?”

“அம்மியைவிடக் கனம் சாமி. அதனால்தான் கேட்டு எடுக்கிறேன்.”

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. “எடுத்து என்ன செய்வாய்?”

“இந்தச் சபையில் வைப்பேன். கோழிக்குக் கிடைத்த மரியாதை பெரியவங்களுக்கும் கிடைக்கட்டும். ஆளுக்கொரு தட்டில் அதிரசம், முறுக்கு. இரவும் பகலும் காலியாகக் கூடாது. வைத்ததை யாரும் எடுக்கவும் கூடாது.”

“இதற்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?”

“அதை மகாராஜாதான் பார்த்துச் சொல்லணும்.”

கல்லைப் பெயர்த்துச் சபை நடுவில் நிறுத்தினார்கள். முதல் நாள் சபைக்கு வராதவர் எவருமில்லை. சிங்கராயர் மட்டும், தின்னலாம், எடுத்துப்போகக் கூடாது என்பதால், அன்று முதல் தினமும் மறைவாக நாலு அதிரசத்தைத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டார். இரண்டாம் நாள் எறும்பு வந்தது. மூன்றாம் நாள் ராஜாவின் பாதத்தின் மேல் ஒரு சுண்டெலி ஓடிற்று. நான்காம் நாள், புகழ்ந்து பாடிக்கொண்டிருந்த புலவர் பாதிப் பாட்டில் ஆசனத்தின் மேல் ஏறிவிட்டார். ஆனாலும் தளை தட்டவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

ஐந்தாம் நாள் சிங்கராயர் எழுந்தார். “பிரபு, கூட்டில் இருந்த பீடையை அவள் இங்கே—”

தலைப்பாகை தானாக நகர்ந்தது. அதிலிருந்து இரண்டு எலிகள் அவர் காதோரமாக இறங்கிப் போயின.

சபையே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. எழுந்து நேராகக் கோழிக்கூட்டுக்குப் போனான். மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்தான். ஓர் எலி இல்லை. வைக்கோலில் ஒரு முட்டை வெதுவெதுப்பாகக் கிடந்தது.

“நீ இங்கே என்ன செய்தாய்?”

“ஒண்ணும் பெரிசா இல்லை மகாராஜா. பகலில் கம்பு போட்டேன். பொழுது சாயும் முன்னே தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சிந்தினதைப் பெருக்கினேன். கம்புப் பானையை மூடிக் கல்லை வைத்தேன்.”

ராஜா, ஆணைக்கல் இருந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். “எலி கோழியைத் தேடி வரவில்லை” என்றான் மெதுவாக. “என் ஆணையைத் தேடி வந்திருக்கிறது.”

“மகாராஜா சொன்னால் சரியாத்தான் இருக்கும்.”

“இது உனக்கு முதலிலேயே தெரியும், இல்லையா?”

“தெரியும். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் போதும்னு இருந்துட்டேன்.”

அப்போதுதான் ராஜா வாய்விட்டுச் சிரித்தான். தோட்டக்காரரை அன்றே திரும்ப அழைத்தான். குடிசையை மாடத்திக்கே சொந்தமாக்கி, புறக்கடை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டான். இனி அங்கே கல் நடுவதானாலும் அவளைக் கேட்டுத்தான் நடுவது என்று முடிவாயிற்று. இதை மட்டும் அவன் கல்லில் வெட்டவில்லை.

“அந்தக் கல்லை என்ன செய்வது, பிரபு?” என்று கேட்டார், தலைப்பாகையை உதறிக்கொண்டே வந்து சேர்ந்த சிங்கராயர்.

“வெட்டிய ஆணையை வீணாக்கலாமா? ஒரு மாதம் உமது வீட்டுக் கூடத்தில் இருக்கட்டும்.”

கல் வீட்டுக்குப் போன எட்டாம் நாள் சிங்கராயர் கூட்டு வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

“மாடத்தியம்மா, இரண்டு கோழி இரவல் வேண்டும். எலியைக் கண்டால் கொத்துமாமே.”

“கொத்தும் சாமி. ஆனால் பொழுது சாய்ந்தால் தூங்கிடும். அதைவிட, ஆணையைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி மகாராஜாகிட்டே கேளுங்களேன்.”

“ராஜ ஆணையில் குறை இருக்கிறதென்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?”

மாடத்தி கழுவிய தட்டைக் கவிழ்த்துவைத்தாள். “அதைத்தான் சாமி, நானும் ஒரு நாள் முழுக்க யோசிச்சேன்.”