வலப்பக்கத்துத் துளை

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையைக் கேளுங்கள். ஆனால் பாதியிலேயே தீர்ப்பை எடுத்து நீட்டிவிடாதீர்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

முத்தலைப்பட்டினம் என்றொரு துறைமுகம். அதை ஆண்டவள் மங்கைநாச்சி. அவள் கணவர் போருக்குப் போன கப்பலின் அடிப்பலகையில், எதிரியிடம் கைக்கூலி வாங்கிய ஒருவன் துளை போட்டுவிட்டுக் கடலில் குதித்து நீந்திப் போய்விட்டான். கப்பல் அரசரோடு மூழ்கியது. உடல்கூடக் கரை சேரவில்லை, பாவம். பட்டமேறிய அன்றே அரசி கணவர் பெயரால் ஆணையிட்டாள். நம் போர்க்கப்பலில் எவன் துளை போட்டாலும் அவனுக்கு மரணம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த காவலனுக்கும் மரணம். காரணம் எதுவும் கேட்கப்படாது.

பிறகு புதுக் கப்பல் ஒன்று கட்டச் சொன்னாள். ஓர் இடம் உடைந்தால் கப்பல் முழுவதும் நிரம்பிவிடக் கூடாது என்பது அவள் கட்டளை. கட்டியவர்கள் கப்பலின் வயிற்றைப் பலகைச் சுவர்களால் ஆறு அறைகளாகப் பிரித்தார்கள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஓர் அறைத் தண்ணீர் அடுத்த அறைக்குக் கசியாது. எல்லோரும் மெச்சினார்கள். ஒரு பக்கத்து அறை மட்டும் நிரம்பினால் என்ன ஆகும் என்று அரசியும் கேட்கவில்லை, கட்டியவர்களும் கேட்கவில்லை.

கடல் கேட்டது. முதல் போரிலேயே எதிரிக் கப்பலின் முனை இடப்பக்கத்து நடு அறையைக் கிழித்தது. அந்த அறை மட்டும்தான் நிரம்பியது. சுவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கத்துத் துடுப்புகள் காற்றைத் துழாவின. இடப்பக்கத்து விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஒரு பெரிய அலை போதும், எண்பது உயிரும் போய்விடும்.

கப்பல் தலைவன் பூதியரையன் நல்லவன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்களே, அப்படிப்பட்ட ஆள். நங்கூரம், கவண்கற்கள், அரிசி மூட்டை என்று கனமானதையெல்லாம் கடலில் எறியச் சொன்னான். சாய்வு குறையவில்லை. கப்பலோடு வந்த தச்சன் சேந்தன் அப்போது அவனிடம் ஓடிவந்தான்.

"வலப்பக்கமும் தண்ணி குடிச்சாத்தான் கப்பல் நிமிரும், அரையரே. எதிர் அறையில நான் ஒரு துளை போடுறேன்."

அரையன் மறுத்துவிட்டான். துளையால் ஒரு கப்பலை இழந்தது போதும், அரசி ஆணை இருக்கிறது, போய்த் தண்ணீரை இறைக்கிற வேலையைப் பார் என்றான். சேந்தன் தலையை ஆட்டிவிட்டு, நேரே வலப்பக்கத்து நடு அறைக்குள் இறங்கினான்.

அங்கே காவல் நின்றவன் கரியான். மேட்டுக்காட்டிலிருந்து வந்த சிப்பாய். நீந்தத் தெரியாது, கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஆணை ஒன்றுதான். தச்சன் கையில் துளை போடும் துரப்பணத்தைப் பார்த்ததும் ஈட்டியை ஓங்கினான். சேந்தன் அவனோடு வாதாடவில்லை. பாய்கிற தண்ணீர் தன்னை இழுத்துப் போகாதபடி இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கப்பலின் விலாக்கட்டையில் கட்டினான். துளைக்கு ஏற்ற மர ஆப்பை மடியில் செருகிக்கொண்டு பலகையைத் துளைக்கத் தொடங்கினான்.

"தண்ணி ஏறுனா நீ எப்படி வெளிய வருவ?" என்று கரியான் கேட்டான்.

"நான் வெளிய வந்துட்டா துளைய யாரு அடைக்கிறது?"

கரியான் ஈட்டியைக் கீழே வைத்தான்.

தண்ணீர் சேந்தனின் மார்பு வரை ஏறியபோது கப்பல் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. கழுத்தைத் தொடும்போது அவன் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மேலே ஏறிவந்தான். கப்பல் முன்னைவிட ஆழமாக அமிழ்ந்துதான் மிதந்தது. ஆனாலும் நேராக மிதந்தது. இரண்டு பக்கத்துத் துடுப்புகளும் தண்ணீரைப் பிடிக்க, எண்பது பேரும் கரை சேர்ந்தார்கள்.

சபையில் அரையன் ஒன்றையும் மறைக்கவில்லை. தான் மறுத்ததையும் சொன்னான். துளை போட்டது நான், காவல்காரனை விட்டுவிடுங்கள் என்றான் சேந்தன். கரியானிடம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள்.

"எனக்குக் கப்பல் தெரியாது, தாயே. ஆள் தெரிஞ்சுது" என்றான்.

இன்றைக்கு இவர்களை விட்டால் நாளைக்கு ஒவ்வொரு துரோகியும் கப்பலைக் காக்கத்தான் துளைத்தேன் என்பான் என்று மந்திரி எச்சரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலை வெட்டுகிறவன் வாசலில் காத்து நின்றான். ஆணையோ இறந்த கணவர் பெயரால் இட்டது.

இப்போது சொல்லுங்கள். ஆணையை மதித்துத் தடுத்த அரையன், மீறித் துளைத்த சேந்தன், ஈட்டியைக் கீழே வைத்த கரியான், இந்த மூவரில் யார் செய்தது சரி? அரசி தன் ஆணையை என்ன செய்ய வேண்டும்?

விடை: அரையன்மேல் பழி இல்லை. எண்பது உயிரை ஒருவன் சொல்லை நம்பிப் பணயம் வைப்பது எளிதா என்ன? சேந்தன் செய்தது சரி. ஆனால் அவனுக்குத் தொழில் தெரியும், கப்பல் நிமிரும் என்பதும் தெரியும். எனக்குக் கரியானைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஒன்றும் தெரியாதவன் பார்க்க வேண்டியதைப் பார்த்தான். மூழ்கடிக்க வந்தவன் தன்னைக் கப்பலோடு கட்டிக்கொள்ள மாட்டான், மடியில் ஆப்பு வைத்திருக்கவும் மாட்டான். மந்திரியின் பயத்துக்கும் இதுதான் பதில். அரசி அரியணையை விட்டு எழுந்தாள். பிறகு, "என் கணவரைக் கொன்றது துளை அல்ல, துளைத்துவிட்டு ஓடியவன். இத்தனை வருஷமும் நான் ஒரு துளையின்மேல் கோபமாக இருந்திருக்கிறேன்" என்றாள். சபை பார்க்கவே அழுதாள். வாக்குத் தவறிய பழி என்னோடு போகட்டும் என்று சொல்லி, அந்த ஆணையை விலக்கி, இருவரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.