மன்னர் எழுதிய கொலைக்கதை

வேங்கைக்கோட்டையை ஆண்ட மணிமார்ப ராசாவுக்குத் திடீரென்று கதை எழுதும் ஆசை வந்துவிட்டது. ராசாவுக்கு வந்த ஆசையை யார் தடுப்பது? வழக்கு, வரி எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு ஒரு கொலைக்கதையை எழுதி முடித்தார்.

கதை இதுதான். தனகோடி என்று ஒரு பெரிய முத்து வணிகர். விருந்தில் தங்கக் கிண்ணத்தில் பாலைக் குடித்தவர் அப்படியே சாய்ந்துவிடுகிறார். பாலில் விஷம். இரண்டு மனைவிகள், சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி என்று எல்லார் மேலும் சந்தேகம். கதை சூடு பிடிக்க வேண்டிய இடத்தில் ராசா மாளிகைத் தூண்களை வர்ணிக்கப் போய்விட்டார். கடைசி ஏட்டில்தான் திரும்பி வந்தார். கொன்றவன் தோட்டக்காரன் முனியன், அவனைக் கழுவேற்றினார்கள் என்று முடித்துவிட்டார். கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் அவை முழுக்கக் கைதட்டியது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரங்கேற்றத்தில் யாராவது ஒருவர் எழுந்து தடை எழுப்ப வேண்டும். எழுதியவர் அதற்கு விடை சொன்ன பிறகுதான் ஏடு ஊர்வலத்துக்கு யானை மேல் ஏறும். அவைப்புலவர் உலகுடையாருக்கு விகடர் சாத்தனைக் கண்டாலே ஆகாது. தடை எழுப்பச் சாத்தனை விட்டால் ஆள் ஏது என்று ராசாவிடம் பணிவாக எடுத்துச் சொன்னார்.

சாத்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். குற்றம் சொன்னால் ராசாவுக்குக் கோபம் வரும், தலை தப்பாது. சொல்லாவிட்டால் அரங்கேற்றத்தைக் கெடுத்த பழி வரும், அப்போதும் தப்பாது. வேறு வழியில்லாமல் எழுந்து நின்றான்.

“மன்னா, கதையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முனியனுக்காக வழக்காட வந்திருக்கிறேன். தண்டனை பெற்றவனுக்காக இந்த அவையில் யாரும் பேசலாம் அல்லவா?”

ராசா தலையசைத்தார்.

“கொலை நடந்தபோது முனியன் எங்கே இருந்தான்?”

ராசா ஏடுகளைப் புரட்டினார். விருந்தில் சமையற்காரன் இருந்தான், பல்லக்குத் தூக்கிகள் இருந்தார்கள், ஒரு கிளிகூட இருந்தது. முனியனைக் காணோம்.

“கடைசி ஏட்டுக்கு முன்னால் அவன் கதையிலேயே இல்லை, மன்னா. இல்லாதவன் எப்படி விஷம் வைப்பான்? வேண்டுமானால் புலவரையே கேளுங்கள். அவர்தான் ஒரு வரி விடாமல் ரசித்தவர்.”

உலகுடையார் பாதிக் கதையைத் தூங்கியே கழித்தவர். அதை ஒத்துக்கொள்ள முடியுமா? முனியன் கிணற்றடியில் நின்றதாகத் தமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

“என் கதையில் கிணறே கிடையாதே” என்றார் ராசா. புலவர் மேல்துண்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

ராசா சாத்தன் பக்கம் திரும்பினார். “முனியன் இல்லையென்றால் வேறு யார்தான் கொன்றது?”

“ஒருவர் மேல் எனக்குச் சந்தேகம். பாலில் விஷம் இருப்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். மாளிகையின் ஒவ்வொரு தூணும் அவருக்கு அத்துப்படி. வணிகர் செத்ததும் பழியை ஓர் ஏழை மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.”

“யார் அவன்?”

“தாங்கள்தான், மன்னா.”

சாத்தன் தரையைப் பார்த்தபடி நின்றான். ராசா ஏட்டைப் பார்த்தார், சாத்தனைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முனியனுக்கு விடுதலை. எனக்கு என்ன தண்டனை?”

“முதல் குற்றம் என்பதால் மன்னித்துவிடலாம், மன்னா. இனிமேல் செய்யாமல் இருந்தால் போதும்.”

முதலில் சிரித்தவர் ராசாதான். ஏட்டைச் சுமக்க வந்த யானை அன்று சாத்தனை வீட்டில் கொண்டுபோய் விட்டது.