கெட்டுப்போன சாமானில் ஓடிய கார்

ராயப்பன் பட்டறைக்குள் போன எந்த வண்டியும் புதுச் சாமான் மாட்டாமல் வெளியே வந்ததில்லை. கெட்டுப்போச்சு என்று அவர் கழற்றி எறிந்ததையெல்லாம் பொறுக்கி, வேலையாள் இசக்கி தனக்கென்று ஒரு கார் செய்தான். அது ஜம்மென்று ஓடியது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சாவிக்குக் கையை நீட்டினார்.

"அத்தனையும் என் பட்டறைச் சாமான். சாவியைக் கொடுல."

"தாராளமா எடுத்துக்கோங்க முதலாளி. கியர்பாக்ஸ் நம்ம அண்ணாச்சி வண்டியில நீங்க கழத்துனது. ரேடியேட்டர் இந்தா நிக்கிற வாத்தியாரோடது."

அண்ணாச்சியும் வாத்தியாரும் மெல்லக் கிட்டே வந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ராயப்பனைப் பார்த்தார்கள்.

"இதுல என் சாமான் ஒண்ணுகூட இல்ல," என்றார் ராயப்பன்.

இசக்கி கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்க அண்ணாச்சி, வீட்டுல விட்டுருதேன். பாதி உங்க வண்டிதானே."