தலைவர் கேட்ட நிறைகுடம்

மாலைக்கு நீட்டி நீட்டியே கழுத்து நீண்டுபோன மனுஷர் ஊராட்சித் தலைவர் சிங்கத்துரை. அந்த வாரம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. காதுகுத்து, ரேஷன் கடைத் திறப்பு, கபடிப் போட்டி என்று போன இடமெல்லாம் சால்வையும் வேட்டும்தான். அப்படியும் ஆசை அடங்கவில்லை. தெருக்கூட்டும் முப்பிடாதியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உங்க தெருவுக்கு வாறேன். வீட்டுக்கு ஒரு பொம்பளை நிறைகுடத்தோட நின்னு வரவேற்கணும். இல்லேன்னா உன் வேலை போச்சு, பாத்துக்கோ."

"சரி தலைவரே" என்றாள் முப்பிடாதி. அந்தத் தெருக் குழாயிலோ மாசக்கணக்காகக் காற்றுதான் வருகிறது.

மறுநாள் காலையில் தலைவருக்குப் போன் போட்டாள். "பொம்பளைக எல்லாரும் குடத்தோட ரோட்டுல நிக்கிறாவ தலைவரே. டிவிக்காரங்களும் வந்துட்டாவ. குடம்தான் காலி. அப்படியே நிக்கட்டுமா?"

தலைவருக்கு வேர்த்துவிட்டது. காலிக்குடத்தோடு பெண்கள் ரோட்டில் நின்றால் அதை வரவேற்பு என்று எவன் சொல்வான்? மறியல் என்றல்லவா சொல்வான்! உடனே இரண்டு தண்ணி லாரிகள் அந்தத் தெருவுக்குப் பறந்தன.

லாரிகள் தண்ணி ஊற்றிவிட்டுப் போன கையோடு மேளதாளத்தோடு தலைவரும் வந்து இறங்கினார். தெருவில் டிவிக்காரர்களையும் முப்பிடாதியையும் தவிர ஈ காக்கை இல்லை.

"குடமெல்லாம் எங்க?" என்று பல்லைக் கடித்தார்.

டிவி மைக் முப்பிடாதி பக்கம் திரும்பியது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"நிறைஞ்ச குடம் அடுப்படிக்குப் போயிரும் தலைவரே. தெருவுக்கு வாறது காலிக்குடந்தான்."