எழுதாத வெட்டு

பொங்கியண்ணன் ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வயது ஐம்பத்து நான்கு. கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அவருடைய ஆசிரியை தமயந்திக்கு முப்பத்து மூன்று. காப்புரிமை வக்கீல். எதையாவது புதிதாகச் செய்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் சனிக்கிழமைகளில் பாடம் கேட்க ஆசிரியையின் முன்னால் வந்து உட்கார்வார்கள்.

"திங்கட்கிழமை இதைக் காட்டக் குழாய்க் கம்பெனிக்குப் போறனுங்க டீச்சர். சேர்மனே நேர்ல பார்க்கிறாராம்."

"அதுக்கு முன்னாடி இது காப்புரிமை ஆபீசுக்குப் போயிருக்கணும். அவங்க பார்த்ததுக்கு அப்புறம் போனா பிரயோஜனமில்லீங்ணா."

"அதுக்குத்தான வந்தேன். இன்னைக்கே அனுப்பிருங்க."

ஆசிரியை படித்தார். சொட்டுநீர்க் குழாயில் மண் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மூடி. மூடிக்குள் ஒரு ரப்பர் வில்லை. வில்லையின் நடுவில் ஒரு வெட்டு. மண் சேர்ந்தால் வெட்டு திறந்து அதைத் துப்பிவிடும்.

இன்னொரு முறை படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றையும் பிளேடையும் எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"நீங்க எழுதினதைச் செஞ்சு பார்க்கறேன்."

ஐந்து பக்கங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, எழுதியபடியே அளந்து வெட்டினார். பொங்கியண்ணன் கொண்டுவந்திருந்த காலி மூடியில் வில்லையைப் பொருத்தினார். பீரோவின் மேல் வாளி. வாளியிலிருந்து மேசைக்கு ஒரு குழாய். தண்ணீரில் பூந்தொட்டி மண் ஒரு பிடி.

சொட்டியது. இருபது சொட்டு இருக்கும். மெதுவானது. நின்றது.

பொங்கியண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"சிரிக்கறீங்களா?"

"மன்னிச்சுக்குங்க அம்மணி... டீச்சர். அதுல ஒண்ணு இருக்குதுங்க. அதை எழுதல."

"ஏன்?"

"எழுதினா எல்லாத்துக்கும் தெரிஞ்சிருமுங்களே. மத்ததெல்லாம் எவன் வேணா செய்வான். அது மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்னு."

"எங்கே, செஞ்சு காட்டுங்க."

"காட்டறேன். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"நான் உங்க வக்கீலுங்ணா."

"என் சம்சாரத்துக்கே காட்டினதில்லீங்க."

ஆசிரியை வெட்டில்லாத வில்லை ஒன்றை நறுக்கிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பிளேடு ரப்பரில் ஒரு முறை இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"இப்பத் திரும்புங்க."

சொட்டியது. மண் சேர்ந்தது. மெதுவானது. நிற்கப்போகும் நேரத்தில் மூடிக்குள் ஏதோ லேசாகத் திரும்பியது. குழந்தை இருமுவது போல ஒரு சத்தம். மேசையில் மண் வந்து விழுந்தது. மறுபடி தெளிவாகச் சொட்டத் தொடங்கியது.

ஆசிரியை இன்னொரு பிடி மண் போட்டார். இருமியது, துப்பியது, சொட்டியது. பூந்தொட்டியைக் கவிழ்த்து மொத்த மண்ணையும் வாளியில் கொட்டினார். இருமியது, துப்பியது, சொட்டியது. வேரோடு தரையில் கிடந்த செடியை அவர் கவனிக்கவில்லை. மேசையின் உயரத்துக்கு மண்டியிட்டு, முகத்தை மூடிக்கு அருகே கொண்டுபோனார். சேற்றுத் துளிகள் கன்னத்தில் தெறித்தன. துடைக்கவில்லை.

"யாரும் தொடல," என்றார் மெதுவாக. "கரண்ட் இல்ல. தானாவே பண்ணிக்குது."

"ஆமாங்க."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு. பத்து வருஷம் வரவே இல்லீங்க. ஒரு நாள் கை வழுக்கி வெட்டு கோணலாப் போச்சு. வீசறதுக்கு முன்னாடி சும்மா மாட்டிப் பார்த்தேன். அன்னைக்குச் சாப்பாடே இறங்கல. அது முன்னாடியே உக்காந்திருந்தேன். கோயில்ல உக்கார்ற மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டீச்சர், நான் சொல்லிட்டேன்."

"நான் கேட்கவே இல்லீங்ணா."

வாளியில் தண்ணீர் தீர்ந்தது.

"எப்படி ஓடுதுன்னு சேர்மன் கேப்பாரு," என்றார் பொங்கியண்ணன்.

"கேட்பாரு. அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாரு. உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும். இப்ப மாதிரியே வாயை விட்டுருவீங்க."

ஆசிரியை, முதலில் எழுதியபடி நேராக வெட்டிய வில்லையை எடுத்தார். அதை ஐந்து பக்கங்களின் மேல் வைத்தார்.

"இந்தக் காகிதம் காவல் நிக்கப்போறது இதுக்கு."

மூடியைத் திறந்து, கோணலாக வெட்டிய வில்லையை எடுத்துப் பொங்கியண்ணனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கு யாருமில்ல."

பொங்கியண்ணன் கையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரம் விரல்களின் வழியே இறங்கியது.

"அப்ப இதையும் எழுதோணும்."

"உங்களைப் பார்த்தே இராத ஒருத்தன் படிச்சுட்டு அப்படியே செய்யணும். செஞ்சா அது ஓடணும். எத்தனை டிகிரி கோணல்னு வரைக்கும் எழுதணும்."

"ஊரே படிக்குமே டீச்சர்."

"படிக்கும்."

"பதினொரு வருஷமுங்க. அத்தனையும் கொட்டிட்டா அப்புறம் என்கிட்ட என்னங்க இருக்கும்?"

ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு இந்த நாட்டுல எவன் இந்த வில்லையைக் கோணலா வெட்டறதுக்குப் பிளேடை எடுத்தாலும், உங்களைக் கேட்டுட்டுத்தான் வெட்டணும்."