தண்ணீர் குடிக்க வந்த சேனை

செங்கால்பட்டினத்தை ஆண்ட கார்மேக பூபதிக்குச் சண்டையை ஆரம்பிக்கத் தெரியும்; முடிக்கத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம், பவழத்தீவில், அண்ணனும் தம்பியும் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். அண்ணன் நம் ராஜாவின் சிநேகிதன். "உதவிக்கு வா" என்று ஓலை வந்தது. மறுவாரமே பத்தாயிரம் பேர் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம் அண்ணனும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள். ஒரே இலையில் சாப்பிடாததுதான் குறை. இருவருமாகச் சேர்ந்து நம் ஆட்கள் மேல் அம்பு விட்டார்கள். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

படையை எப்போது, எப்படித் திரும்ப அழைப்பது என்று சபை கூடியது. பதினோரு மாதம் கூடியது. மழைக்கு முன்னால் அழைக்கலாம் என்றார் ஒரு மந்திரி. மழை முடியட்டும் என்றார் இன்னொருவர். பாதிப் பேரை முதலில் அழைக்கலாம் என்றார் மூன்றாமவர். எந்தப் பாதி என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அவர் சபைக்கே வரவில்லை. மத்தியானம் உளுந்துவடை வரும். அதோடு விவாதம் நாளைக்குப் போய்விடும். படையைத் துறைமுகம்வரை நடத்திப் போய், கப்பலேற்றிவிட்டு, இடுப்புவலி என்று வீடு திரும்பியவர் சேனாதிபதி ரணபத்திரர். அவர்தான் தினமும் வீரம் பேசினார்: "பின்வாங்கினா ஊர் சிரிக்கும், மகாராஜா."

சபையில் வேடிக்கை பேசிச் சிரிக்க வைக்கிறவர் மருதப்பர். அவருக்கே இதில் சிரிப்பு வரவில்லை. அவர் மருமகன் கதிரேசன் அந்தத் தீவில் இருந்தான். படை போன பிறகு பிறந்த பேத்திக்கு இரண்டரை வயது. அப்பன் முகம் தெரியாது. தீவில் காய்ச்சலுக்கு நாற்பது பேர் பலி என்று சேதி வந்த அன்று மகள் செண்பகம் கேட்டாள்: "அவரு வருவாரா, மாட்டாராப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மருதப்பர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனார்.

ராஜாவுக்கு ஒரு பலவீனம் உண்டு, சகுனம். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். மருதப்பர் போய்ச் சபை நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என் தலையை வாங்கிடுங்க, மகாராஜா. இந்தச் சண்டை ஜெயிக்காததுக்கு நான்தான் காரணம்."

"என்னய்யா உளறுறீர்?"

"படை கிளம்பின அன்னிக்கு, கோட்டை வாசல்ல சேனாதிபதி யானை மேல வந்தாரு. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, 'எங்கே கிளம்பிட்டீங்க?'ன்னு கேட்டுட்டேன்."

சபையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. செங்கால்பட்டினத்தில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும்.

ராஜாவின் மீசை துடித்தது. "ரணபத்திரரே, இவர் கேட்டாரா?"

"கேட்டாரு. நான் அதை மதிக்கலை."

"மதிக்கலையா? பூனை குறுக்கே போனா நான் கோயிலுக்கே போறதில்லை. நீர் பத்தாயிரம் பேரை அனுப்பி வெச்சீரா?"

பதினோரு மாத விவாதத்தில் யாரும் சீண்டாத அரண்மனை ஜோசியர் அனந்தர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரிகாரம் சுலபம், மகாராஜா. வீட்டுக்குத் திரும்பி வரணும். உட்காரணும். ஒரு சொம்புத் தண்ணி குடிக்கணும். அப்புறம் புதுசாக் கிளம்பணும்."

"கடல் தாண்டிப் போனவங்களுமா?" மருதப்பர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"சாஸ்திரத்துல தூரம் சொல்லலை."

"கப்பல்லயே குடிச்சுக்கக் கூடாதா?"

"கூடாது. அவங்கவங்க வீட்டுலதான்."

ரணபத்திரர் துள்ளி எழுந்தார். "மகாராஜா, இதுக்குப் பேருதான் பின்வாங்கறது."

"தண்ணி குடிக்க வர்றவனைப் பின்வாங்கறான்னு எவன்யா சொல்லுவான்?" என்று எரிந்து விழுந்தார் ராஜா.

அன்றைக்கே காரணத்தைச் சொல்லிப் படைக்கு ஓலை பறந்தது. பவழத்தீவிலும் சகுனம் பார்க்கிறவர்கள்தான். "அடப்பாவமே, ஒழுங்காக் கிளம்பாம வந்துட்டாங்களே" என்று அண்ணனும் தம்பியும் இரக்கப்பட்டார்கள். அம்பை நிறுத்தினார்கள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். "தண்ணியை நிதானமாக் குடிங்க, புரையேறிடப் போகுது" என்று கரைவரை வந்து சொல்லிவிட்டும் போனார்கள்.

கொடி தாழாமல், முரசு ஓயாமல் சேனை வந்து இறங்கியது. கதிரேசன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான். அவன் குட்டி மகள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதித் தண்ணீர் அவன் மடியில்தான் கொட்டியது. மருதப்பர் கொல்லைப்பக்கம் போய்ச் சந்தோஷத்தில் அழுதார்.

ரணபத்திரர் விடுவாரா? எட்டாம் நாள், "தண்ணி குடிச்சாச்சு, கிளம்புங்க" என்று முரசறைந்தார். திரும்பி வந்த அத்தனை பேரும் வாளோடு வாசலுக்கு வந்தார்கள். அத்தனை வாசலிலும் பெண்டாட்டிமார் கேட்டார்கள்: "எங்கே கிளம்பிட்டீங்க?"

அத்தனை பேரும் உள்ளே போனார்கள். உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். மறுநாள் மாமியார்கள் கேட்டார்கள். அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள், மோர் விற்கிறவள், வண்ணான் எல்லோரும் கேட்டார்கள். ஊர்க் கிணறுகளில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. நாலாம் நாள் கோட்டை வாசலில் ரணபத்திரர் மட்டும் யானைமேல் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார்.

இறங்கி அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, ஊரே சதி பண்ணுது. எல்லாம் இந்த மருதப்பர் சொல்லிக்கொடுத்தது."

"நான் எதுவும் சொல்லிக்கொடுக்கலீங்க," என்றார் மருதப்பர். "எங்கேன்னு நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறாங்க."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பருக்குப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சேனாதிபதி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தெரியலை, ரணபத்திரரே. அண்ணனும் தம்பியும் சேர்ந்துட்டாங்க. இப்போ யாருக்காக, எங்கே கிளம்பிட்டீர்?"

ரணபத்திரர் மந்திரிகளைப் பார்த்தார். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"யாராவது எனக்கும் ஒரு சொம்புத் தண்ணி கொடுங்க," என்றார்.