ஐந்து பேராசிரியர்கள் செய்த ஒரு புராஜெக்ட்

அரண்மனைக் கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, ஊருக்கு ஒரு கணினிக் கல்லூரி வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டியவர் செங்கணாபுரி மன்னர் மகரகேது. அங்கே ஐந்து பேராசிரியர்கள். ஐவரும் ஆளுக்கொரு புராஜெக்ட் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் கல்லூரியை விட்டு நீக்கம்.

அறுபது மாணவர்களும் சரியாகத் தூங்கிப் பத்து நாளாயிற்று. கோமதி என்ற பெண் சோற்றுத் தட்டிலேயே தலை சாய்த்துவிட்டாள். அதைக் கண்ணால் பார்த்த மன்னரின் ஆலோசகர் உத்தண்டியாருக்கு மனசு ஆறவில்லை. நேரே சபைக்குப் போய்ச் சொன்னார்.

"அப்படி என்ன வேலை? வாரம் பத்தே மணி நேரம்!" என்றார் தலைமைப் பேராசிரியர் அம்பலவாணர், தாடியை நீவிக்கொண்டு.

"என்னுடையதும் பத்தேதான்" என்று மற்ற நால்வரும் தனித்தனியே சொன்னார்கள். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

"கேட்டீரா உத்தண்டியாரே? குறைக்கச் சொல்லிப் பேராசிரியர்களே வாய் திறந்தால் குறைக்கிறேன். உம் பேச்சுக்கு ஒரு வரிகூடக் குறையாது" என்றார் மன்னர்.

"குறைக்கவே வேண்டாம் மன்னா. பிள்ளைகளுக்குப் பார்த்துச் செய்ய ஒரு மாதிரி இருந்தால் போதும். ஐவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, அந்த ஐந்தில் ஒரே ஒரு புராஜெக்ட் செய்து காட்டட்டும். அதுவரை பிள்ளைகளின் கெடு தள்ளிப் போகட்டும்."

"நியாயம்தானே! ஒரு வாரம் தந்தேன்."

அம்பலவாணர் தலைப்பை மூன்று முறை மாற்றினார். ஒருவர் அட்டைக்குப் பொன்னெழுத்து தேடி அலைந்தார். "கடைசியில் நான் சரிபார்க்கிறேன்" என்று இன்னொருவர் ஒதுங்கினார். நாலாமவர் ஊரிலேயே இல்லை. இளையவர் மருதப்பர் மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து கண் சிவந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அட்டையில் ஐந்து பெயரும் மின்னின.

"எங்கே, ஓட்டிக் காட்டுங்கள்" என்றார் மன்னர்.

மருதப்பர் தட்டினார். திரை கறுப்பாகவே நின்றது.

"நேற்று ஓடியதே மன்னா!" என்றார்கள் ஐவரும், ஊரில் இல்லாதவர் உட்பட. "இன்னும் ஒரே வாரம் அவகாசம் தந்தால்..."

"தாராளமாகக் கொடுங்கள் மன்னா" என்றார் உத்தண்டியார். "இது முடிந்ததும் மிச்சம் நாலையும் இவர்களே செய்து காட்டட்டும். ஐந்துக்கும் மாதிரி வேண்டாமா?"

மருதப்பர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்பலவாணரின் கை தாடியிலேயே நின்றது.

"மன்னா, பிள்ளைகள் பாவம். ஐந்து எதற்கு? ஒன்று போதுமே!" என்றார்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டியாரிடம் நீட்டினார்.

"மாலை இருக்கட்டும் மன்னா. அந்த ஒன்றுக்குக் கெடு என்றைக்கு என்று இவர்களையே கேளுங்கள்."

"அவசரமே இல்லை மன்னா!" என்றார்கள் ஐவரும், ஒரே குரலில்.